முற்றமும் வயலும்: யாழ்ப்பாணத்து அறுவடைப் பெருநாளில் வீட்டை அணிசெய்தலின் வரலாறு

உலகின் உழவுச் சமூகங்கள் யாவும் விளைவு வீடு சேரும் நாளை ஏதோவொரு வகையிற் பெருநாளாக்கிக் கொண்டுள்ளன. யூதர்கள் இலையுதிர் காலத்திற் கொண்டாடும் கூடாரப் பெருநாளில் ஓலையும் தழையும் வேய்ந்த குடிலொன்றை வீட்டின் அருகே அமைத்து, கனிகளால் அதனை அணிசெய்து, ஏழு நாள் அதனுள்ளே உணவுண்பர். இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியில் றொபேட் ஹோக்கர் என்னும் குருவானவர் 1843ஆம் ஆண்டில் தமது தேவாலயத்தில் நடத்திய அறுவடை நன்றி வழிபாடே, தானியக் கதிர்களாலும் காய்கனிகளாலும் தேவாலயங்களை அணிசெய்யும் இன்றைய ஆங்கில வழக்கிற்குத் தொடக்கம் என்பர். ஐக்கிய அமெரிக்காவில் 1863ஆம் ஆண்டு ஆபிரகாம் லிங்கன் விடுத்த பிரகடனம் நவம்பர் மாதத்தின் இறுதி வியாழக்கிழமையை நன்றி கூறும் நாளாக நிலைப்படுத்தியது. இவையனைத்தும் கோடையில் விளைந்ததைக் குளிர் தொடங்குமுன் களஞ்சியத்திற் சேர்க்கும் நாடுகளின் விழாக்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் காலக்கணக்கு இதற்கு நேர்மாறானது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு எதுவும் இங்கில்லை. நெற்செய்கை பெரும்பாலும் வானம் பார்த்ததாகவே இருந்து வந்துள்ளது. ஏனைய நாடுகள் அறுக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே யாழ்ப்பாணத்து உழவன் விதைக்கிறான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பொழியும் வடகீழ்ப் பருவக்காற்று மழை பயிரை வளர்க்கிறது. கதிர் முற்றுவது மார்கழியின் பனியில். அருவி வெட்டு நிகழ்வது தையிலும் மாசியிலும். எனவே இலையுதிர் காலத்து அறுவடைப் பெருநாளுக்கு ஈடாக இங்கு அமைவது தைப்பொங்கலாகும்.

தைப்பொங்கலின் சமயப் பொருள் குறித்தும் இலக்கியச் சான்றுகள் குறித்தும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அந்நாளில் வீடு எவ்வாறு அணிசெய்யப்பட்டது, அவ்வணிக்குரிய பொருள்கள் எங்கிருந்து பெறப்பட்டன, அணிசெய்வதற்குரிய நிலம் யாரிடம் இருந்தது என்னும் வினாக்கள் போதிய அளவு ஆராயப்படவில்லை. அலங்காரம் என்பது அழகுணர்ச்சியின் பாற்பட்ட சிறு விடயம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. இங்கு பொங்கல் அலங்காரத்தின் மையம் சுவரோ கூரையோ அன்று, வெறுந்தரையாகிய முற்றமே. ஆதலின் அலங்காரத்தின் வரலாறு நிலத்தின் வரலாற்றோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது. இப்பிணைப்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டிற்கும் வயலுக்குமிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்

தைப்பொங்கலுக்கு வீட்டை ஆயத்தஞ் செய்யும் பணி தை பிறப்பதற்கு முதல்நாள் தொடங்கியதன்று. உண்மையில் அது ஐந்தாறு மாதங்களுக்கு முன்னர், மழைக்கு முந்திய வறட்சிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பழைய யாழ்ப்பாணத்து வீடு மண்சுவரும் பனையோலைக் கூரையும் உடையது. வளவைச் சூழ்ந்து பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்கள் நாட்டப்பட்டு, பனையோலையாலோ தென்னங்கிடுகாலோ வேலி அடைக்கப்பட்டிருக்கும். மாரி தொடங்குமுன் கூரை வேயப்படும். வேலி புதிதாக அடைக்கப்படும். இப்பணிகள் ஒரு குடும்பத்தினராற் செய்து முடிக்கக் கூடியனவல்ல. அயலவரும் உறவினரும் கூடி இன்று ஒருவர் வீட்டிலும் நாளை மற்றொருவர் வீட்டிலும் கைம்மாறாக உழைத்தனர்.

இங்கு கவனிக்க வேண்டியது, கூரையினின்றும் வேலியினின்றும் இறக்கப்பட்ட பழைய ஓலை என்னவாயிற்று என்பதாகும். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பொங்கலுக்கு முந்திய நாளாகிய போகியன்று பழையன எரிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்திற் போகி பெருவழக்கான பண்டிகையன்று. இங்கு உக்கிய ஓலை நிலத்தில் தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. வேலிக் கதியால்களில் வெட்டிய பூவரசங் குழையும் அவ்வாறே வயலுக்கும் தோட்டத்துக்கும் கடகங்களிற் சுமந்து செல்லப்பட்டது. ஆற்று வண்டல் வந்து படியாத குடாநாட்டு மண்ணுக்கு, மாட்டெருவும் குழையும் பழைய ஓலையுமே நெடுங்காலம் உரமாக இருந்தன. சென்ற ஆண்டின் கூரை இவ்வாண்டின் பயிருக்கு உணவாயிற்று என இதனைச் சுருக்கிக் கூறலாம். மழைக்கு முன்னர் வீடு தன் பழைய உடையை வயலுக்குக் கொடுத்தது. மழை ஓய்ந்தபின் வயல் தன் விளைவை வீட்டிற்குக் கொடுத்தது. பொங்கல் நாளின் அலங்காரம் இக்கொடுக்கல் வாங்கலின் ஆண்டிறுதிக் கணக்கே ஆகும்.

விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களிலும் வீடு வெறுமையாய் இருந்ததில்லை. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் வாழைக்குற்றி நாட்டி அதன் தலையில் விளக்கேற்றுவர். துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த சிறு பந்தங்களைப் படலையடியிலும் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் வேலியோரத்திலும் குத்திவைப்பர். மார்கழியில் விடியுமுன்னர் முற்றம் கூட்டிச் சாணந் தெளித்து, சாணத்திற் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூச் சூட்டி வைத்தல் பெண்களின் நாளாந்தக் கடமையாயிற்று. இவற்றைத் தொடர்ச்சியாக நோக்கும்போது ஒரு முறைமை புலனாகும். ஆவணியிற் கூரையும் வேலியும், கார்த்திகையில் வளவின் எல்லைகளும், மார்கழியில் வாசலும், தையில் முற்றத்தின் நடுவும் எனப் புறத்திருந்து அகம் நோக்கி வீடு படிப்படியாகப் புதுப்பிக்கப்பட்டது.

பெருநாள் முற்றத்தின் அமைப்பு

தைப்பொங்கலுக்கு முந்திய நாட்களில் மண்தரையும் திண்ணையும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகப்படும். சுண்ணாம்புச் சுவருடைய வீடுகளில் வெள்ளையடிக்கப்படும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாதலின் சூளையிற் சுட்ட சுண்ணாம்பு இங்கு அரிய பொருளன்று. அடுப்புக்குரிய கட்டிகள் மண்ணாற் பிடித்து முன்னரே உலரவைக்கப்படும். புதுப்பானை வாங்கப்படும். புத்தரிசி குற்றிப் புடைக்கப்படும்.

பொங்கலன்று விடியுமுன் முற்றத்தின் ஒரு பகுதி சதுரமாக மெழுகப்பட்டு, அதன்மீது அரிசிமாவினாற் கோலம் இடப்படும். யாழ்ப்பாணத்துப் பொங்கற் கோலத்திற்குத் தனித்தன்மை ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோலங்கள் பெருவழக்கு. இங்கோ உலக்கையை நிலத்திற் கிடத்தி அதன் ஓரமாக மாவைத் தூவி நேர்கோடுகள் வரைவர். கோடுகள் கூடிச் சதுரமாகும். சதுரத்திற்கு வாசல் விடப்படும். தோற்றத்தில் இது ஒரு வளவின் வரைபடத்தையே ஒத்தது. நெல்லைக் குற்றி அரிசியாக்கிய கருவியே அவ்வரிசியின் மாவால் எல்லை வரையும் கருவியாகவும் பயன்பட்டமை சிந்திக்கத்தக்கது.

சதுரத்தினுள் மூன்று கட்டிகளால் அடுப்பு அமையும். தலைவாழையிலையில் நெல்லோ அரிசியோ பரப்பி, மாவிலையும் முடித்தேங்காயும் வைத்த நிறைகுடம் நிறுத்தப்படும். அதன் அருகே குத்துவிளக்குகள் இடம்பெறும். கரும்பும் வாழையும் பக்கங்களில் நாட்டப்படும். மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்தோலைத் தோரணமும் கட்டப்படும். மங்கலத் தோரணமும் அமங்கலத் தோரணமும் ஒரே குருத்தோலையாற் செய்யப்படினும் மடிப்பின் வகையால் வேறுபடுவன. ஆதலின் தோரணம் பின்னுதல் கைத்திறன் மட்டுமன்றி மரபறிவும் வேண்டிய பணியாயிற்று. பானையின் கழுத்தில் இஞ்சியிலையும் மஞ்சளிலையும் கட்டப்படும். பால் பொங்கி வழியும்போது சீனவெடி கொளுத்தப்படும். பின்னர்ப் படையல் கிழக்கு நோக்கிச் சூரியனுக்குப் படைக்கப்படும். மறுநாள் பட்டிப்பொங்கலில் அலங்காரம் முற்றத்தினின்று மாட்டுக்கொட்டிலுக்கு நகரும். கொட்டில் கழுவப்படும், மாடுகள் குளிப்பாட்டப்பட்டு மாலை சூட்டப்படும்.

மேற்கூறிய பொருள்களை வகைப்படுத்தின் ஓர் உண்மை தெளிவாகும். அரிசிமா வயலிலிருந்தும், சாணம் கொட்டிலிலிருந்தும், மாவிலையும் வாழையும் குருத்தோலையும் வளவிலிருந்தும், இஞ்சியும் மஞ்சளும் தோட்டத்திலிருந்தும், பானை ஊரின் குயவரிடமிருந்தும் பெறப்பட்டன. குயவருக்கும் பிற தொழிலாளருக்குமான கொடுப்பனவு பெரும்பாலும் களத்தில் நெல்லாகவே அளக்கப்பட்டது. சந்தைக்குச் சென்று காசுகொடுத்து வாங்கவேண்டியவை சீனவெடி, சர்க்கரை முதலிய சிலவே. அலங்காரப் பொருள்களுள் நிலைத்து நிற்பது எதுவுமில்லை. கோலத்தை எறும்பும் அணிலும் உண்ணும். தோரணம் சில நாளில் வாடும். இலையும் தண்டும் மாட்டுக்கோ எருக்குழிக்கோ செல்லும். ஆண்டுதோறும் புதிதாகச் செய்யவேண்டியதாக இருந்தமையே இம்மரபு கைம்மாறிக் கைம்மாறி வாழ்ந்ததற்கு ஏது எனலாம்.

புதிய நெல் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்படும் மரபும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுக்கும் வழக்கம் குடாநாட்டிற் பரவலாக உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நெற்புதிர் விழாவிற்கு மறவன்புலவிலுள்ள கோயில் வயலிலிருந்து கதிர் அறுத்துக் கொணரப்படுகிறது. கேரளத்து வீடுகளிலும் கோயில்களிலும் புதுக்கதிரைத் தொங்கவிடும் நிறைபுத்தரி வழக்கமும் இதனை ஒத்ததே. தேசவழமைச் சட்டத்திலும் சமையலிலும் யாழ்ப்பாணத்திற்கும் கேரளத்திற்குமிடையே காணப்படும் ஒற்றுமைகளைச் சுட்டும் ஆய்வாளர்கள் இதனையும் கருத்திற் கொள்ளலாம்.

அந்நியர் ஆட்சியில் அலங்காரம்

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். இவ்விரு ஆட்சிகளிலும் சைவ வழிபாடு பகிரங்கமாக நிகழ்தற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. விரதம் முடித்து உணவுண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுப்போர் அறிந்துவிடுவர் என அஞ்சிய மக்கள், அதனைக் கூரையின் இறப்பிற் செருகி மறைத்தனர் என்னும் செவிவழிச் செய்தி யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அச்செய்தி எவ்வளவு தூரம் வரலாற்று உண்மை என்பது ஒருபுறமிருக்க, அது உணர்த்தும் கருத்து நம் ஆய்விற்கு முக்கியமானது. கோயில் அலங்காரத்தை ஆட்சி அழிக்கலாம். வீட்டின் அலங்காரத்திற்கோ கூரையே மறைவிடமாயிற்று. மேலும், உழவின் சடங்காகவும் வீட்டுமுற்றத்தின் சடங்காகவும் அமைந்த பொங்கலுக்குக் கோயிலோ விக்கிரகமோ குருக்களோ இன்றியமையாதனவல்ல. வழிபடப்படுவது வானத்துச் சூரியன். சூரியனை இடித்தல் எவர்க்கும் இயலாதன்றோ! கோயில்கள் அழிந்த காலத்தும் பொங்கல் தொடர்ந்து வந்தமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாதல் கூடும்.

வீட்டின் தோற்றத்தை ஆட்சியாளர் கட்டுப்படுத்துதல் ஐரோப்பியர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் மனங்கொளற்பாலது. 1660இற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், அந்நாட்டுப் பொதுமக்கள் வீட்டிற்கு ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதிக்கப்படவில்லை என எழுதியுள்ளார். சுவரின் வெண்மையும் கூரையின் பொருளும் தகுதியின் அடையாளங்களாக முற்காலச் சமூகங்களில் மதிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் இத்தகைய கட்டுப்பாட்டைச் செயற்படுத்தியது பெரும்பாலும் சாதியமைப்பே ஆகும். அது பின்னர் விளக்கப்படும்.

1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமாயிற்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் தம் பணியைத் தொடங்கினர். அறுவடைக்கு நன்றி கூறுதல் அவர்கள் பிறந்த நியூ இங்கிலாந்தின் ஊறிய வழக்கமாகும். புரட்டஸ்தாந்து திருச்சபைகளில் விளைபொருள்களைக் காணிக்கையாகக் கொணர்ந்து தேவாலயத்தை அணிசெய்யும் அறுவடை விழா வேரூன்றியது. கத்தோலிக்கர் மத்தியில், 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், தேவாலய முன்றிலிற் கோலமிட்டுப் பொங்கும் வழக்கம் பரவியது. மறுபுறம், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரின் இயக்கம், ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்திருந்த சைவ ஆசாரங்களை வெளிப்படையாகப் பேணும் துணிவை மக்களுக்கு ஊட்டியது. இவ்வாறாக அறுவடை அலங்காரம் சமய எல்லைகளைக் கடந்து, நிலத்தை உழுத சமூகத்தின் பொதுச்சொத்தாயிற்று. ஆயினும், அந்நிலத்தை உழுத அனைவருக்கும் அது பொதுச்சொத்தாயிற்றா என்பது வேறு வினா.

முற்றம் யாருக்குரியது?

ஒல்லாந்தத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்சு 1707இல் தொகுத்த தேசவழமை, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் பிரித்தானியர் காலத்திலும் சட்டமாக ஏற்கப்பட்டது. முதுசொம், சீதனம், ஈடு, காணி, மரம், மாடு என்பன பற்றி விரிவாகக் கூறும் அத்தொகுப்பு, அடிமைகள் பற்றியும் கூறுகிறது. மனிதரை உடைமையாகக் கொள்ளும் முறை இலங்கையில் 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்றவர்க்குக் காணி வழங்கப்படவில்லை. வயலில் நாற்றையும் கதிரையும் தொட்ட கைகளுட் பல, சொந்தமாக ஒரு பரப்பு நிலமும் அற்றனவாகவே தொடர்ந்து இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினருட் பெரும்பாலோர் பிறரது காணியிற் கொட்டில் அமைத்துக் குடியிருந்தனர். நினைத்தபோது எழுப்பிவிடக்கூடிய நிலத்தில் நாற்சார் வீடும் இல்லை, நடுமுற்றமும் இல்லை.

வேளாண் குடும்பத்தின் முற்றம் அழகு பெறுவதற்கு எத்தனையோ கைகள் உழைத்தன. பனையேறி ஓலை வெட்டியவர், கூரை வேய்ந்தவர், அருவி வெட்டி உப்பட்டி கட்டியவர், சூடு மிதித்தவர், பானை வனைந்தவர் ஆகிய இவர்களின் உழைப்பே அலங்காரமாக அங்கே காட்சியளித்தது. அவர்களோ அம்முற்றத்தின் எல்லையில் நின்று பொங்கலைப் பெற்றுச் சென்றனர். கல்வீடு கட்டுதலும் ஓடு வேய்தலும் ஒடுக்கப்பட்டோர்க்கு ஊர்க்கட்டுப்பாட்டால் மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் இவ்வுலகத்தையே இலக்கியமாக்கியது. உலக்கையால் வரைந்த நேர்கோட்டுச் சதுரம் ஒருபுறம் மங்கலத்தின் எல்லை. மறுபுறம் அதுவே விலக்கலின் எல்லையாகவும் அமைந்தது.

இந்நிலை தானாக மாறியதன்று. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1966 முதல் தீண்டாமைக்கெதிரான போராட்டங்கள் குடாநாடெங்கும் எழுந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்த ஆலயப்பிரவேசப் போராட்டம் நாடெங்கும் அறியப்பட்டது. கோயில் வாசலுக்காக நிகழ்ந்த போராட்டத்தின் மறுபக்கமாக, சொந்த வாசலுக்கான போராட்டமும் நிகழ்ந்தது. காணி வாங்கி வேலியடைத்துக் கிணறு வெட்டிய குடும்பமொன்றிற்கு, தன் முற்றத்தில் இட்ட முதற் கோலம் வெறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது. அது உரிமைப் பத்திரத்தின் மறுவடிவமாகும்.

ஓடும் சீமெந்தும்

பொருளாதார மாற்றங்கள் அலங்காரத்தின் பொருள்களை மாற்றின. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலை குடாநாட்டிற் காசுப் புழக்கத்தைப் பெருக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றோர் அனுப்பிய பணமும் அவர்தம் ஓய்வூதியமும் ஊர்களிற் கல்வீடுகளாக எழுந்தன. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழிவந்த மங்களூர் ஓடு யாழ்ப்பாணத்துக் கூரைகளிலும் ஏறியது. ஓடு வந்தபின் ஆண்டுதோறும் வேய்தல் வேண்டாதாயிற்று. அதனோடு கூரையின் பழைய ஓலை வயலுக்குச் செல்வதும், வேய்தலுக்கு அயலவர் கூடுவதும் குறைந்தன.

1950இற் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லே சீமெந்தாகி, குடாநாட்டின் மண்தரைகளை மூடியது. சாணம் மெழுகும் தொழில் அடுக்களையினின்றும் திண்ணையினின்றும் நீங்கியது. ஆயினும் முற்றம் மட்டும் மண்ணாகவே நின்றது. சீமெந்துத் தரையுள்ள வீட்டினரும் பொங்கலன்று முற்றத்து மண்ணையே மெழுகிக் கோலமிட்டனர். வீடு முழுவதும் மாறிய பின்னும் சடங்கிற்குரிய ஒரு சதுரம் மட்டும் பழைய நிலத்தோடு தொடர்பை விடாதிருந்தமை, அலங்காரத்தின் உயிர்நிலை எங்கிருந்தது என்பதை நன்கு காட்டுகிறது.

முற்றம் இழந்த ஆண்டுகள்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற்குப் பின் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களைவிட்டு வெளியேறினர். அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. கோயில் வாசலிற் போராடியோரும் அவர்களைத் தடுத்தோரும் வாழ்ந்த மாவிட்டபுரமும் ஆளற்ற ஊராயிற்று. அவ்வாண்டுகளிற் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிற் சீமெந்து, எரிபொருள், இரசாயன உரம் என்பன அடங்கின. உரம் அரிதானபோது குழையும் எருவும் மீண்டும் மதிப்புப் பெற்றன. சீமெந்து அரிதானபோது மண்ணும் ஓலையும் மீண்டும் வீடாயின. ஆனால் பனைகளோ பல்லாயிரக்கணக்கிற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக வெட்டி வீழ்த்தப்பட்டன. கூரையாகி, வேலியாகி, பின் உரமாகிய மரம் போரின் சுவராயிற்று.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிற் புறப்பட்டு, தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் சென்றனர். அவ்வாண்டு மாரிப் பயிர் வயலில் நின்றது; அறுக்க வேண்டியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் மரநிழல்களிலும் தங்கியிருந்தனர். 1996 தைப்பொங்கல் அத்தகைய பொங்கல். அலங்காரம் எவ்வளவு எளிதாயினும் அதற்கு ஒரு நிலம் வேண்டும், அந்நிலத்தில் மறுநாளும் இருப்போம் என்னும் உறுதி வேண்டும் என்பதை அத்தை மாதம் உணர்த்தியது.

2009இற் போர் முடிந்தபின், குறிப்பாக 2015 முதல், வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஒரு பகுதி பல்லாண்டுகள் கழிந்தும் விடுவிக்கப்படவில்லை. நலன்புரி முகாம்களில் நெடுங்காலம் தங்க நேர்ந்தோரிற் கணிசமானோர் முன்னரே சொந்தக் காணி அற்றிருந்த ஒடுக்கப்பட்ட மக்களாவர். மீளக் குடியேற ஊர் இருந்தும் அவ்வூரில் நிலம் இல்லாதோர் அவர்கள். போர் எல்லோரையும் முற்றமற்றோராக்கியது உண்மை. போருக்குப் பின் எல்லோரும் ஒருங்கே முற்றம் பெறவில்லை என்பதும் உண்மை.

முடிவுரை

இக்காலத்து யாழ்ப்பாணத்திற் பொங்கல் அலங்காரம் குன்றிவிட்டதாகக் கவலையுறுவோர் பலர். கடைகளில் நெகிழித் தோரணங்கள் தொங்குகின்றன. ஒட்டுக்கோலங்கள் தாளில் அச்சாகி வருகின்றன. வேலிகள் மதில்களாயின, முற்றங்கள் சீமெந்துக் கற்களால் மூடப்படுகின்றன. கடல்கடந்த நாடுகளிலோ சனவரி உறைபனிக் காலம். 2016இற் கனேடியப் பாராளுமன்றம் சனவரி மாதத்தைத் தமிழர் மரபுத் திங்களாக ஏற்றது. அங்குள்ள வீடுகளில் சமையலறை அடுப்பிற் பால் பொங்க, கோலம் பலகையில் இடப்படுகிறது. இம்மாற்றங்களைத் தூய்மைக் கேடு என ஒதுக்குதல் வரலாற்றறிவுக்குப் பொருந்தாது. ஓலைக்கு ஓடும் மண்ணுக்குச் சீமெந்தும் வந்தபோதும் பொங்கல் நிலைத்தது. பொருள்கள் மாறுவதால் மட்டும் ஒரு மரபு அழிவதில்லை.

மரபு நலிவது, அது தாங்கிநின்ற உறவு நலியும்போதே. யாழ்ப்பாணத்து அறுவடை அலங்காரம் தாங்கிநின்றது வீட்டிற்கும் வயலுக்கும், உழைப்பிற்கும் விளைவிற்கும் இடையேயான உறவாகும். அவ்வுறவில் ஒருபுறம் அயலவர் கூடி உழைத்த பெருமையும், மறுபுறம் உழைத்தவரையே எல்லையில் நிறுத்திய சிறுமையும் இருந்தன. எனவே பழைய முற்றத்தை அவ்வாறே மீட்டல் வேண்டும் என்பது நம் வேட்கையாக இருத்தலாகாது. காணியற்ற குடும்பத்திற்குக் காணியும், விடுவிக்கப்படாத வயலுக்கு விடுதலையும், வெட்டுண்ட பனைக்கு ஈடாக வடலியும் கிடைத்தல் வேண்டும். அவை கிடைக்குமாயின் குருத்தோலையை எவ்வாறு மடிப்பது, உலக்கையை எவ்வாறு கிடத்துவது என்பனவற்றைக் கற்றுக்கொடுக்க ஊர்களில் இன்றும் முதியவர் உளர். நாட்டார் வழக்காற்றை ஆய்வோர் அவர்களிடமிருந்து அலங்காரத்தின் முறைகளைப் பதிவுசெய்யும்போது, அது இடப்பட்ட நிலம் யாருடையது என்னும் வினாவையும் சேர்த்துப் பதிவுசெய்தல் கடனாகும்.